ஏழு இடங்களும் ஒரு காலிக் கட்டமும்

ஒரு வாரம் ஆகிறது. இன்னும் பாத்ரூமில் வாளி நிரம்பும் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

மகள் யாழினிக்குத் திருநெல்வேலியில் கல்லூரி கிடைத்தது. அவள் கேட்ட பாடம். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சென்னையிலிருந்து நான்தான் கூட்டிப்போனேன். அந்த ஊரில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. விடுதி விண்ணப்பத்தில் 'உள்ளூர் கார்டியன்' என்று ஒரு கட்டம் - பெயர், முகவரி, உறவுமுறை. அது மட்டும் காலி. திங்கட்கிழமை காலைக்குள் நிரப்பித் தராவிட்டால் அறை கிடையாது என்று வார்டன் கறாராகச் சொல்லிவிட்டார்.

கையில் சனி, ஞாயிறு. கவலைப்படுகிற அம்மா என்ன செய்வாள்? லிஸ்ட் போடுவாள்!

நெல்லையில் பார்க்க வேண்டிய ஏழு இடங்கள். எட்டரைக்கு நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்கள். பத்து மணிக்குக் குறுக்குத்துறை - அரை மணி நேரம், ஒரு போட்டோ. அப்புறம் மியூசியம், ஈரடுக்கு மேம்பாலம், கிருஷ்ணாபுரம் சிற்பங்கள்... கடைசியில் அல்வா.

"இது டூரா, எக்ஸாம் டைம்டேபிளாம்மா?" என்றாள் யாழினி.

குறுக்குத்துறையில் தாமிரபரணி கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயில். படித்துறையில் பத்துப் பதினைந்து பெண்கள் குளிப்பதும் துவைப்பதுமாக இருந்தார்கள். தோள்பையோடு கணுக்கால் தண்ணீரில் நடந்து போய் ஒரு பாறையில் உட்கார்ந்தாள் மகள். ஊரில் நல்ல வெயில். மலையில் மழை என்று எனக்கு எப்படித் தெரியும்?

போனை எடுத்தேன். எங்கே வைத்தாலும் யாராவது குறுக்கே வந்தார்கள். திடீரென்று ஒரு பெண் சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு படியேறினாள். பின்னாலேயே இன்னொருத்தி. இரண்டே நிமிடத்தில் துறை காலி.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'அப்பாடா, ஃப்ரேம் காலியாயிடுச்சு!'

அதோடு விட்டேனா? "இன்னும் ரெண்டு பாறை தள்ளிப் போடி. கோயில் முழுசாத் தெரியணும்" என்றேன். பதினெட்டு வருஷமாக நான் சொன்ன எதையும் கேட்காதவள், அன்றைக்குக் கேட்டாள்.

"ஏட்டி, மஞ்ச சுடிதாரு! ஏறு மேல!"

படியிலிருந்து ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடித் தண்ணீர் பழுப்பாகியிருந்தது. சருகும் சுள்ளியுமாக மிதந்து வந்தது. யாழினி எழுந்தபோது முழங்கால் அளவு, இரண்டு எட்டு வைப்பதற்குள் இடுப்பளவு. கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள்.

கத்திய பெண் மறுபடி ஆற்றில் இறங்கினார். வாளியிலிருந்த ஈரச்சேலையை முறுக்கி ஒரு முனையை வீசினார். "புடி! விட்டுராத! பைய வா, பைய வா!" பின்னால் இரண்டு பெண்கள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். இழுத்தார்கள்.

நான்? போனைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தேன். பெற்றவளுக்குக் கால் நகரவில்லை.

மகள் படிக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது அந்தப் பாறையைக் காணோம்.

"ஏ யம்மா, நாங்க அத்தன பேரும் துணியப் பாதியில வாரிட்டு ஏறுதோம். நீங்க புள்ளய உள்ள போ, உள்ள போங்கிய!"

"நீங்கள்லாம் குளிச்சு முடிச்சிட்டீங்கன்னு நினைச்சேன்..."

"முதுவுல சோப்பு நுரையோடயா?"

அப்போதுதான் கவனித்தேன். எல்லார் கழுத்திலும் நுரை! அவர்கள் சிரித்தார்கள். நான் அழுதேன்.

"இங்கன யாரும் சொல்லிக்கிட மாட்டோம். தண்ணி நெறம் மாறி, ஒருத்தி சோப்ப எடுத்தா எல்லாரும் ஏறிருவோம். டூருக்கு வாரவியளுக்குத்தான் தொண்ட கிழியக் கத்த வேண்டியிருக்கு."

அவர் பெயர் பேச்சியம்மாள். டெய்லர். இரண்டு தெரு தள்ளி வீடும் கடையும். நடுங்கிக்கொண்டிருந்தவளை அங்கே கூட்டிப்போய், யாருக்கோ தைத்துவைத்திருந்த புதுச் சுடிதாரை எடுத்து நீட்டினார்.

"அவங்க கேட்டா?" என்றாள் யாழினி.

"ஆத்தோட போச்சுன்னு சொல்லுதேன். நீ உடுத்து."

மகளோடு நனைந்த பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தேன். சொதசொதவென்று இருந்தது. "இனி இது எதுக்கு? சாயங்கால ரயில்லயே கிளம்பிடலாம். இந்த ஊரே வேண்டாம்" என்றேன். யாழினி தலையைக் குனிந்துகொண்டாள்.

பேச்சியம்மாள் அந்தத் தாளை வாங்கி, மேலே துணி போட்டு, இளஞ்சூட்டில் அயர்ன் செய்தார். பாதியில் கை நின்றது.

"இந்தக் கட்டம் ஏன் சும்மா கெடக்கு?"

"இங்க எங்களுக்கு யாரையும் தெரியாது அத்தை" என்றாள் யாழினி.

எப்போது அத்தையானார்? நான் கவனிக்கவில்லை.

"எம் பேரப் போடு. ஆனா ஒண்ணு... ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வந்துரணும். வரலன்னா ஆஸ்டல் வாசல்ல வந்து நின்னு கத்துவேன்."

கத்துவார். அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். அது இல்லாவிட்டால் எனக்கு மகள் இல்லை.

மறைக்காமல் சொல்கிறேன்... ஞாயிறு காலை அந்தத் தெருவில் நாலு பேரிடம் விசாரித்தேன். அம்மா ஆயிற்றே! மதியம் அவர் வீட்டில் தேங்காய்ப்பால் சொதி ஊற்றிச் சாப்பிட்டோம். லிஸ்ட்டில் மீதி ஐந்து இடங்களை நாங்கள் பார்க்கவேயில்லை. அல்வாகூட வாங்கவில்லை.

திங்கட்கிழமை, உறவுமுறை என்ற இடத்தில் 'அத்தை' என்று எழுதிக் கொடுத்தேன். வார்டன் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஊர்ல யாரையும் தெரியாதுன்னு சொன்னியளே?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் தெரியாது மேடம்."