உட்காராத வான்கோழியும் அப்பாவின் சிவப்பு அம்பும்

ஆளை எதிரே உட்காரவைத்துப் படம் வரையும் தொழிலில் கஷ்டமான வேலை வரைவது அல்ல, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்ப்பது. கூச்சத்தோடு பிழைப்பு நடத்தும் சக பாவிகளுக்கு இது புரியும். நான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்தவள். யாராவது என்னைப் பார்த்தால் என் கண் தரைக்குப் போய்விடும். அதனால்தான் விசித்திரமான பிராணி வளர்ப்பவர்களாகத் தேடிப் பிடித்தேன். அவர்கள் தங்கள் பிராணியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், நானும் அதையே பார்க்கலாம்.

அப்பா இருங்காட்டுக்கோட்டையில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். குன்றத்தூரில் எங்கள் வீட்டு இட்லியைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அவர் கம்பெனியிலேயே எனக்கு டிரெய்னி வேலை சொல்லி வைத்திருந்தார். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். நான் முனகியதும் ஒரு நிபந்தனை போட்டார்: "அதுக்குள்ள ஒருத்தராவது நீ வரைஞ்ச படத்தைச் செவுத்துல மாட்டட்டும். மாட்டிட்டா நான் வாயே திறக்க மாட்டேன்."

சூப்பர்வைசர்

ஒரகடத்தில் மெஸ் நடத்தும் தனபால் அண்ணன் கிறிஸ்துமஸ் பிரியாணிக்காக வான்கோழி ஒன்றை வாங்கி, அறுக்க மனசு வராமல் வளர்த்துவிட்டார். மற்றவர்கள் வேலை செய்யும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பதால் அதன் பெயர் சூப்பர்வைசர்.

கோபம் வந்தால் அதன் தலை சிவக்கும், தணிந்தால் நீலமாகிவிடும். நான் சிவப்பைக் குழைத்து முடிப்பதற்குள் நீலம். நீலத்தைத் தொட்டால் யாராவது சாம்பார் வாளியோடு குறுக்கே போவார்கள், மறுபடியும் சிவப்பு. ஷிஃப்ட் முடிந்து கூட்டம் வந்ததும் அண்ணனும் எழுந்து ஓடிவிட்டார். வான்கோழியின் பின்னால் நானும் மெஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நீலத்திலேயே முடித்தேன்.

அண்ணன் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நான் சோக்காத்தான் கீறேன், பாப்பா. ஆனா சூப்பர்வைசர் மூஞ்சில கோவமே இல்லியே! இத்த மாட்டினா எவன் பயந்துக்கினு சோத்த வீணாக்காம துன்னுவான்?"

அசையாத இருவர்

அடுத்தவர் முருகேசன். திருநெல்வேலிக்காரர். இருங்காட்டுக்கோட்டையில் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கி, தோளில் இகுவானா என்கிற பெரிய பச்சை ஓணானோடு திரிபவர். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பப் படம் கேட்டார். அம்மா கட்டாயம் மாட்டுவார் என்று எனக்கு நம்பிக்கை.

இகுவானா சிலை மாதிரி உட்கார்ந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்த முருகேசனும் சிலையானார், அதாவது தூங்கிவிட்டார். எழுப்பக் கூச்சம். பேருக்கு இருமினேன், பிரஷ்ஷைக் கீழே போட்டேன், நாற்காலியை இழுத்தேன். இகுவானா மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டே இருந்ததால், மூடிய கண்களோடே வரைந்து முடித்தேன். இதைவிட நன்றாக நான் யாரையும் வரைந்ததில்லை.

விழித்தவர் படத்தைப் பார்த்துப் பதறிப்போனார். "என்ன மேடம், இப்படிப் பண்ணிட்டீய? இத அனுப்புனா எங்கம்ம மாலையில்லா போட்டுருவா!"

நெற்றியில் ஒரு கோடு

மிச்சம் இருந்தது மணிமங்கலம் சுமதி அக்கா. ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் அசெம்ப்ளி லைனில் வேலை. அவர் வளர்க்கும் ஜில்லு ஒரு பெரிய வெள்ளை வாத்து. காலையில் கம்பெனி பஸ்வரை கூடவே நடந்துபோய் வழியனுப்பும், வழியில் போகிறவர்களைக் கடித்தும் வைக்கும்.

அக்கா ஓவர்டைம் முடித்து வந்த யூனிஃபார்மோடு ஜில்லுவை மடியில் அமுக்கிப் பிடித்து உட்கார்ந்தார். நான் வழக்கம்போல வாத்திடம் தஞ்சம் புகுந்தேன். அலகு, கழுத்து, ஒவ்வொரு இறகு. படத்தில் அக்காவின் முகம் மட்டும் வரையாமல் வெள்ளையாகவே கிடந்தது. வாத்து திமிறியது, நான் நெளிந்தேன். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா பாப்பா, அதையே பாத்துக்கினு கீறே? அது கடிக்கும், நான் கடிக்க மாட்டேன். என்னப் பாரு!"

மூன்று அம்புகள்

பார்த்தேன். நாள் முழுக்கத் தொப்பி அழுத்தியதில் அக்காவின் நெற்றியில் ஒரு கோடு பதிந்திருந்தது. அதிலிருந்து தொடங்கினேன். கோட்டுக்குக் கீழே கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன. ஞாயிற்றுக்கிழமை படத்தைக் கூடத்தில் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் படத்தில் மூன்று சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். பழுதான பாகத்தில் ஒட்டுவதற்காக அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் இருப்பவை. ஒன்று இடது கண்ணுக்கு, ஒன்று வாத்தின் காலுக்கு, ஒன்று நெற்றிக் கோட்டுக்கு. "பார்த்ததும் கை தானா போயிடுச்சும்மா," என்றார் அப்பா. உரித்தேன். கண்ணில் ஒட்டியதும் காலில் ஒட்டியதும் வந்துவிட்டன. நெற்றியில் வண்ணம் கனம், உள்ளே இன்னும் காயவில்லை. இழுத்தால் நெற்றியும் சேர்ந்து வரும் போலிருந்தது. வாசலில், படத்தை வாங்க வந்த சுமதி அக்காவின் ஸ்கூட்டி சத்தம். எனக்கு அடுப்படியில் ஒளிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

அக்கா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இன்னா சார் இது, என் நெத்தில அம்பு?"

"தொடச்சா போயிடற கோடும்மா. அதைப் போய் வரைஞ்சிருக்கா," என்றார் அப்பா.

"தொடச்சாப் போவுதா? பொட்டு வெக்கிற எடத்துல அந்தக் கோட்ட வெச்சுக்கினுதான் சார் நான் புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டறேன்!" என்று சொல்லிவிட்டு, அம்போடு படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மாட்டுவாரா, மாட்ட மாட்டாரா? கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அப்பா பேப்பரைப் படிப்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் செல்லில் ஒரு போட்டோ வந்தது. சுவரில் படம், கீழே அண்ணாந்து பார்க்கும் ஜில்லு. கூடவே அக்காவின் குரல்: "மாட்டியாச்சு பாப்பா! வர்றவங்க அம்பப் பாத்துட்டு என் நெத்தியத்தான் மொதல்ல பாக்குறாங்க. ஜில்லுக்குத்தான் செம காண்டு!"

வாயே திறக்க மாட்டேன் என்ற வாக்கை அப்பா இன்றுவரை காப்பாற்றுகிறார், அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் என் ஒவ்வொரு படத்திலும் சிவப்பு அம்புகளே சொல்லிவிடுகின்றன.