சம்மதம் சொன்ன இடத்தில் சத்தம் இல்லை

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு என் கம்ப்யூட்டர் திரையில் மாடிவீட்டு அக்கா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

ஸ்பீக்கரைத் தட்டினேன். ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். ஒரு சினிமாப் பாட்டைப் போட்டால் ஜன்னல் அதிர்ந்தது. ஆக, ஸ்பீக்கரில் குறையில்லை. எடிட்டிங் சாஃப்ட்வேரில் படத்துக்குக் கீழே ஒலி ஒரு பட்டையாக, மேடும் பள்ளமுமாகத் தெரிய வேண்டும். அந்தப் பட்டையையே காணோம்.

சேலையூரில் நாங்கள் கீழ்வீடு, அவர்கள் மாடி. அக்காவின் அத்தா இறந்த பிறகு அவளைப் படிக்க வைத்ததும், மாப்பிள்ளை பார்த்ததும் ரியாத்தில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன்தான். நிக்காஹுக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பெண் இருக்கும் அறைக்கு, பெண்ணின் சார்பில் நிற்கும் உறவினரான வக்கீலும் இரண்டு சாட்சிகளும் வந்து, "சம்மதமா?" என்று கேட்பார்கள். ஊரில் இருந்திருந்தால் வக்கீலாக நின்று கேட்டிருக்க வேண்டியவர் அவர். அதனால்தான் எனக்குப் போன் செய்தார்.

"மண்டபம், பிரியாணி எல்லாம் எவன் வேணாலும் எடுப்பாம்மா. அவ சம்மதம் சொல்ற குரல் எனக்கு வேணும். நீ உள்ள போயி எடு."

பெண்கள் பக்கம் ஆண் கேமராமேன் போக முடியாது. நான் போகலாம். அப்போது இன்ஜினீயரிங் கடைசி வருடம். லீவு நாட்களில் கேம்ப் ரோட்டில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். ஸ்டூடியோ அண்ணா ஒரு கேம்கார்டரும் டேப்பும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். அன்று சாயங்காலமே வீட்டில் கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன். திங்கட்கிழமை கேமராவை டேப்போடு திருப்பிக் கொடுத்தேன். ரியாத் அண்ணனின் நண்பர் வியாழன் விடியற்காலை விமானம் ஏறுகிறார். புதன் சாயங்காலத்துக்குள் சி.டி. அவர் பெட்டிக்குள் போக வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில்தான் அந்த ஊமைப் படம்.

கல்லூரித் தோழனுக்குப் போன் போட்டேன். "சத்தத்தப் படிக்கிற கோடெக் சாஃப்ட்வேர் இல்ல போல, டவுன்லோட் பண்ணு," என்றான். டயல்-அப் இணைப்பில் அது இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. போட்டேன், ரீஸ்டார்ட் செய்தேன், ஊமை. இன்னொரு கோடெக்கைப் போட்டதில் படமும் பச்சையாகிவிட்டது. அழித்தேன். சவுண்ட் கார்டு டிரைவரை மாற்றினேன். ஃபைலை வேறு ஃபார்மேட்டுக்கு மாற்றினேன். அக்கா ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி தலை குனிந்து, அதே மாதிரி உதட்டை அசைத்தாள்.

"சாப்ட்டுட்டுத் தட்டேன்டி அந்தப் பொட்டிய," என்றாள் அம்மா.

மாடியிலிருந்து அக்காவின் அம்மா இறங்கி வந்தார். "முடிஞ்சுதாம்மா? அந்தத் தம்பி மூணு மணிக்கு வாங்கிக்க வர்றேன்னுச்சு."

"முடிஞ்சிடுச்சு ஆன்ட்டி, சின்ன வேலைதான் பாக்கி." சொல்லும்போதே மானிட்டரை அணைத்தேன்.

இணையத்தில் ஒரு மன்றத்தில் என் புலம்பலைக் கொட்டியிருந்தேன். பத்தரை மணிக்கு யாரோ ஒருவர் ஒற்றை வரியில் கேட்டிருந்தார்: டேப்பிலிருந்து ஏற்றும்போது ஆடியோ கட்டத்தில் டிக் போட்டிருந்தாயா?

சிரிப்புதான் வந்தது. ஏற்றிய நேரம் முழுக்கச் சத்தம் கேட்டதே! அக்கா பேசியதைக் கேட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேனே!

எங்கிருந்து கேட்டது?

மேஜைமேல் இருந்த கேமராவின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து. கம்ப்யூட்டரிலிருந்து அல்ல.

செட்டிங்கைத் திறந்தேன். கட்டம் காலியாக இருந்தது. அது நான் செய்த செட்டிங்கே அல்ல; ஸ்டூடியோவிலிருந்து பென் டிரைவில் அப்படியே அள்ளி வந்தது. அங்கே அந்தக் கட்டம் எப்போதும் காலிதான். நம் கல்யாண வீடியோவில் யார் பேசுவது யாருக்குக் கேட்கிறது? தாலி கட்டினால் ஒரு பாட்டு, சாப்பாட்டுக்கு ஒரு பாட்டு, பெண் அழுதால் அதற்கென்று ஒரு பாட்டு. "ஒரிஜினல் சவுண்ட எவன் கேக்கப் போறான்? அதையும் ஏத்துனா மிஷின் திக்கும்," என்று முதல் நாளே அண்ணா சொல்லிக் கொடுத்திருந்தார். எத்தனையோ கல்யாணங்களை வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒரு மணப்பெண்ணின் குரலையும் நான் கேட்டதில்லை, அது எனக்கு உறைத்ததும் இல்லை.

காலையிலிருந்து நான் தேடிய சத்தம் ஃபைலுக்குள் வரவே இல்லை. எந்தக் கோடெக் போட்டாலும் வராது. அது டேப்பில் மட்டும்தான் இருக்கிறது.

ஸ்டூடியோவுக்குப் போன் செய்தேன். "அண்ணா, ஞாயித்துக்கிழமை டேப்பு வேணும்."

"நீதான் ஏத்தியாச்சுன்னியேம்மா? செம்பாக்கத்துல ஒரு காதுகுத்து. அதுக்குப் போட்டு அனுப்பிட்டேன்."

ஒரு டேப்பை நாலைந்து விசேஷத்துக்கு ஓட்டுவது அங்கே வழக்கம். ஏற்றியாகிவிட்டது என்று ஒருத்தர் சொன்னால் ரீவைண்ட் செய்து அதன் மேலேயே எடுப்பார்கள். சொன்னவள் நான்.

"எப்ப போனாங்க?"

"ஒரு மணி நேரம் ஆவுது. இன்னா, எதுனா பேஜாரா?"

கேமராமேன் செல்போனை எடுக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்தேன். வழியெல்லாம் மனசுக்குள் கணக்கு. அக்கா சம்மதம் சொன்னது டேப்பில் பத்தொன்பதாவது நிமிஷம். அதற்குப் பிறகு, அண்ணனுக்கென்று அவள் கேமராவைப் பார்த்துப் பேசியது ஐந்து நிமிஷம். கேமராமேன் விட்டுவிட்டுத்தான் எடுப்பார். இன்னும் பத்து நிமிஷம்கூட ஓடியிருக்காது. ஓடியிருக்காது. பஸ்ஸுக்குப் பின்னால் சிக்கி நின்றபோது ஹாரனை விடாமல் அமுக்கினேன்.

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் சின்ன மண்டபம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை தாய்மாமன் மடியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. ஆசாரி கம்பியை எடுத்துவிட்டார். கேமராமேன் குனிந்து குழந்தையின் காதையே எடுத்துக்கொண்டிருந்தார். நான் லென்ஸ் முன்னால் கையை நீட்டினேன்.

"ஏய், இன்னாம்மா நீ! குத்தப் போறாங்க, கைய எடு!"

"டேப்ப நிறுத்துங்கண்ணா. கால்ல விழறேன்."

"இப்ப நிறுத்துனா மாமங்காரன் என்னியக் குத்துவான்!" ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பையிலிருந்து வேறு டேப்பைத் தேடினார்.

"மாத்திக்கினு வா நைனா," என்றார் தாய்மாமன். "எப்டியும் அழுதுகினுதான் கீறான். இன்னும் ரெண்டு நிமிசம் அழட்டும்."

காது குத்தி முடித்தபின் பழைய டேப்பைக் கேமராவில் போட்டுப் பார்த்தோம். மொட்டைத் தலை, மொட்டைத் தலை, ஆசாரியின் விரல், பிறகு ஒரு நீலக் கீற்று. அதன் பிறகு அக்காவின் குரல், பாதி வார்த்தையிலிருந்து: "...ன நின்னிருக்க வேண்டிய எடம்ணா அது." இருபத்தொன்றாவது நிமிஷம்.

சம்மதத்தை இரண்டு நிமிஷத்தில் விட்டிருந்தேன்.

ஸ்டூடியோ அண்ணாவிடம் சொன்னபோது, "அதுக்கு ஏன் அழுவுற? அந்த எடத்துல ஒரு பாட்டப் போடு, சூப்பரா இருக்கும்," என்றார். பல்லாவரத்தில் புகுந்த வீட்டில் இருந்த அக்காவுக்குப் போன் செய்தேன். ஒரு தடவை போனிலேயே சொல்லு, ரெகார்ட் செய்து உதட்டசைவுக்குப் பொருத்திவிடுகிறேன் என்று கெஞ்சினேன்.

"சொல்லியாச்சுடி. திரும்பச் சொல்ல அது என்ன சினிமா டயலாக்கா? அண்ணங்கிட்ட உள்ளதச் சொல்லிடு."

ஸ்டூடியோவிலிருந்து கேமராவை மறுபடி வாங்கி வந்து, கட்டத்தில் டிக் போட்டு, மிச்சத்தை ஏற்றினேன். அவள் அண்ணனிடம் பேசியது குரலோடு இருந்தது. சம்மதம் சொன்ன இடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஏற்றிய ஊமைப் படத்தை அப்படியே வைத்தேன். பாட்டுப் போடவில்லை. மூன்று மணிக்கு வந்தவர் சி.டி.யை வாங்கிப் போனார்.

சனிக்கிழமை ரியாத்திலிருந்து போன் வந்தது.

"அந்த எடத்துல மட்டும் சத்தமே இல்லையேம்மா. என் கம்ப்யூட்டர்ல கோளாறா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்லண்ணா. என் தப்பு," என்றேன். டிக் போடாத கட்டம், காதுகுத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமாண்ணா."

"எப்படிச் சொன்னா?"

சொன்னேன். முதல் தடவை கேட்டபோது அவளுக்குக் குரல் எழவில்லை. தொண்டையைச் செருமினாள். ஆன்ட்டி அவள் தோளைத் தொட்டார். வக்கீல் திரும்பக் கேட்டார். அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சம்மதம்" என்றாள்.

"சத்தமாவா?"

"இல்லண்ணா. மெதுவாத்தான். ஆனா நடுங்காம சொன்னா."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவ சொல்லும்மா," என்றார். "மொதல்லேர்ந்து."

வக்கீல் அறைக்குள் வந்த இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.