பிளேனுக்கு மழை ஆகாது

கட்டுநாயக்கா ஏர்போர்ட்டிலிருந்து திருச்சிக்கு நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தானாம். விமானத்தில் ஒரு மணித்தியாலமாம். மகள் போனில் பார்த்துச் சொன்னாள். அப்படியென்றால் மாமா அன்றைக்குச் சொன்னது முழுப் பொய் இல்லை.

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். கஹவத்தைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயம்; ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். அம்மா விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவாள், என்னைத் தூக்கி வளர்த்தது அக்காதான். அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டாருக்கு இந்தியாவில் திருச்சிப் பக்கம் போகப் பாஸ்போர்ட் வந்தது. அவர்களோடு அவளும் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போனாள். அப்படிப் போகிறவர்கள் திரும்புவதில்லை என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் சோற்றைத் தொடாமல் அழுதுகொண்டே கிடந்தேன்.

துரை பங்களாவில் சமையல் செய்த மாமா, அம்மாவின் தம்பி, என்னைச் சமாதானப்படுத்த வந்தார்.

"சரி சரி, இதுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா? பிளேன்ல ஏறிக் குந்துனா திருச்சி ஒரு மணித்தியாலம். நம்ம கஹவத்தைக்கு நடக்குற நேரந்தான்."

கஹவத்தைக்கு அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் போவார், கருவாட்டோடு மத்தியானத்துக்குள் வந்துவிடுவார். எனக்கு மனசு தெளிந்துவிட்டது. எழுந்து சாப்பிட்டேன். ஞாயிறும் வந்து போயிற்று, அக்காவைக் காணவில்லை. மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு மணித்தியாலந்தானே மாமா, அப்புறம் ஏன் அக்கா வரல?"

மாமா வானத்தைப் பார்த்தார். எங்கள் பக்கத்து வானம் சாக்குக் கேட்டவரைக் கைவிடாது.

"மழையப் பாரு புள்ள, எப்புடி வருவா? பிளேனுக்கு மழை ஆகாது."

நம்புவதில் எனக்குக் கஷ்டம் இருக்கவில்லை. ரப்பர் மரத்துக்கும் மழை ஆகாது. பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. அதனால் விடியற்காலையில் லயமே வாசலில் நின்று வானத்தைப் பார்க்கும். அந்த மழைக்காலம் முழுக்க நானும் அவர்களோடு நின்றேன். அவர்களுக்குப் பேர், எனக்கு அக்கா. "இந்த வயசுலயே வீட்டுக் கவல பாரு" என்று பக்கத்துக் காம்பரா அத்தை என்னை மெச்சினாள்.

ஒருநாள் நல்ல வெயில் எறித்தது. அம்மா வெட்டுக்குப் போனதும் தலை சீவி, அக்கா தைத்துக்கொடுத்த கவுனைப் போட்டுக்கொண்டு, பஸ் ரோட்டு மதகில் போய் உட்கார்ந்தேன். பிளேனில் இறங்கினாலும் எங்கள் தோட்டத்துக்கு பஸ்ஸில்தானே வரவேண்டும். பஸ்கள் வந்தன, போயின. பின்னேரம் மாமா அந்த வழியாக வந்தார்.

"எதுக்குடி இங்க குந்தியிருக்க?"

"மழை விட்டிருச்சே மாமா."

அவர் பங்களாவுக்குப் போகாமல் லயத்துப் பக்கம் திரும்பி நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள், பால் கறை பட்ட சேலையோடு. அடிப்பாள் என்று பயந்தேன். அடிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் வருகிற திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கி இல்லாட்டி நாளைக்கி வந்துரும்மா" என்றேன். "நாளைக்கும் வெயில்தான்."

"ம்" என்றாள்.

மாமா அம்மாவுக்கும் அந்த ஒரு மணித்தியாலக் கணக்கைச் சொல்லியிருப்பார், அதனால்தான் அவளும் காத்திருக்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். கடைசி பஸ் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.