யூலின் சொல்லாத சொல்

காரியகூ தீவின் ஹில்ஸ்பரோ படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் யூலின் குவாஷி, படகு ஒன்பது மணிக்குப் போகும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "ஒன்பதுக்குக் கயிறு அவிழ்ப்பாங்க" என்பாள். பால் கெட்டுப் போனால் "புளிச்சிடுச்சு." கரண்ட் போனால் "இருட்டிடுச்சு."

அந்தத் தீவு பேசும் ஆங்கிலத்தில் 'கோ' என்கிற 'போ' உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் கொஞ்சம் கிடக்கும். கிளம்புவதும் அதுதான், தொலைவதும் அதுதான், மூச்சு நிற்பதும் அதுதான். ஒரு சொல்லைத் தவிர்த்து வாழ்கிறவருக்குத்தான் அது எத்தனை இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும்.

மூட்டை தூக்கும் பெர்ட்ரண்டுக்கு அவளை மடக்கிப் பார்ப்பதில் ஒரு குஷி.

"அக்கா, உங்க இடுப்பு வலி என்னாச்சு?"

"இப்ப இல்ல."

"இல்லன்னா? எங்க அது?"

"உன் மாமியார்கிட்ட விசாரி. அங்கதான் தங்கியிருக்காம்."

துறையே சிரிக்கும். அவள் சிரிக்க மாட்டாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் எல்லோரையும் போலத்தான் பேசினாள். காரியகூவில் கடலுக்குக் கிளம்புகிறவன் வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்பான். வீட்டில் இருப்பவள் "வா" என்று சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைப்பான். அவள் கணவன் கஸ்பர்ட், பாய்மரப் படகில் துவரையும் ஆடுகளும் ஏற்றி டிரினிடாடுக்கு ஓட்டுகிறவன். அன்று காலை, புட்டிப்பால் கொடுத்து அவள் வளர்த்த பெட்டையாட்டையும் கேட்காமல் ஏற்றிவிட்டான். வாசலில் நின்று வழக்கம்போலச் சொன்னான்.

"போய்த் தொலை" என்றாள்.

அப்போதும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சிரித்துவிட்டுப் போனான். தேடியவர்களுக்கு ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடுப்பகலில் வீட்டுக்குள் நனைந்த கயிற்றின் வாசனை வரும். அவன் உட்காரும் நாற்காலி ஈரமாக இருக்கும். துணியால் துடைப்பாள். ஒருமுறை அந்தத் துணியை நாக்கில் வைத்துப் பார்த்தாள், கரித்தது. யாரிடமும் சொல்லவில்லை. இறந்தவன் திரும்பி வருகிறான் என்று அவள் நம்பவில்லை. அவன் இன்னும் புறப்படவில்லை என்றே நம்பினாள். இரண்டும் ஒன்றல்ல.

போன மாதம் கஸ்பர்டின் தங்கை டெல்சி வந்து நின்றாள்.

"அண்ணி, மறுபடியும் அதே கனவு. அண்ணன் நனைஞ்ச சட்டையோட நிக்கிறான். 'எனக்குக் கல்லு எங்கே'ன்னு கேக்கிறான்."

"உன்கிட்ட ஏன் கேக்கிறானாம்? என்கிட்ட கேக்க வாயில்லையா?"

"உங்ககிட்ட கேட்டா என்ன சொல்லி அனுப்புவீங்களோன்னு பயமா இருக்கும்."

சொன்ன பிறகுதான் டெல்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள். யூலின் துணியை எடுத்து அவன் நாற்காலியைத் துடைத்தாள். பிறகு, "கல்லு வெட்டச் சொல்லு" என்றாள்.

இறந்தவர் இங்கே அலைவது கல்லறைக் கல் நடும்வரைதான். கல்லைக் கொண்டுவந்து முதலில் அவர் படுத்த கட்டிலில் கிடத்தி, வெள்ளை விரிப்பால் போர்த்துவார்கள். கல்லைத் தூக்கும் முன் மனைவி "போ" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தூக்க வந்தவர்கள் கையே வைக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை கட்டிலில் கல் கிடந்தது. டெல்சி தண்ணீரும் ரம்மும் தெளித்து அரிசி தூவினாள். முற்றத்தில் ஆட்டுக்கறி கொதித்தது, அதுவரை ஒலித்த மத்தளம் ஓய்ந்தது. பெர்ட்ரண்டும் இன்னும் மூவரும் நான்கு மூலையில் குனிந்து காத்திருந்தார்கள்.

யூலின் விரிப்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். விரிப்பு ஈரமாக இருந்தது. டெல்சி தெளித்த தண்ணீர்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் வாயைத் திறந்ததும் எல்லோரும் அந்த வாயையே பார்த்தார்கள்.

"போ..." என்றாள். நால்வரும் கல்லைத் தூக்கினார்கள்.

"...யிட்டு வா."

பெர்ட்ரண்ட் கல்லோடு அவள் பக்கம் திரும்பினான். "அக்கா! செத்தவங்கள வான்னு சொல்லலாமா?"

எழுந்த கல்லை மறுபடி கட்டிலில் இறக்கக் கூடாது. கல்லறைத் தோட்டத்துக்குச் சுமந்துபோய் நட்டார்கள். திரும்பி வந்து அவசரமாகச் சாப்பிட்டுக் கலைந்தார்கள். அன்றைக்கு யாரும் அவளிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை. அவளைத் தனியே விட அஞ்சி டெல்சி மட்டும் தங்கினாள்.

சாயங்காலம் டெல்சி கதவை மூட எழுந்தாள்.

"திறந்தே கிடக்கட்டும்" என்றாள் யூலின்.

டெல்சி தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்கவில்லை. "வாய் தவறித்தானே அண்ணி சொன்னீங்க?"

யூலின் கட்டிலில் சிதறிக் கிடந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"இல்ல. அன்னிக்குத்தான் வாய் தவறுச்சு."