பிளாஸ்டர் பள்ளத்தாக்கில் நின்றுபோன பனியாறு

விருத்தாசலத்து வெயிலில் பனியாறு பாடம் நடத்துவது போன்ற தண்டனை வேறு கிடையாது. ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் வருகிறது. நடத்தித்தான் ஆக வேண்டும். பனிக்கட்டி ஆறு மாதிரி மெல்ல நகரும், போகிற வழியில் மலையையே அரைத்துவிடும் என்று சொன்னால் பிள்ளைகள் "சரி மிஸ்ஸு" என்று எழுதிக்கொள்வார்கள். நானும் பல வருஷமாக அவ்வளவோடு விட்டுவிட்டேன். திட்டக்குடியிலிருந்து பஸ்ஸில் நின்றபடி வந்து, நின்றபடி பாடம் எடுத்து, நின்றபடி திரும்புகிறவளுக்கு அதற்குமேல் என்ன தெம்பு இருக்கும்?

போன வருஷம் தலைமையாசிரியை கூப்பிட்டார். "இனிமே எல்லாத்தையும் செஞ்சு காட்டணுமாம். அடுத்த வாரம் அதிகாரி பார்க்க வராரு. நல்லா இருந்தா கடலூர் கண்காட்சிக்கு எடுத்துப்பாங்களாம், பார்த்துக்குங்க" என்றார். மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கிவந்து ஒரு பலகையைச் சாய்த்து அதன்மேல் வைத்தேன். அட்டெண்டன்ஸ் எடுத்து முடிப்பதற்குள் தரையெல்லாம் தண்ணீர். வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

இரண்டாவது பெஞ்சுப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். அவளுடைய அம்மா பீங்கான் பொம்மை செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறவர். "மிஸ்ஸு, எங்க அம்மா வேல செய்ற எடத்துல பொம்மை ஊத்துற களிமண் கூழு இருக்குது. ரெண்டு நாளு வெச்சா கெட்டியாயிடும். சாய்ச்சு ஊத்தினா மெதுவா நவுரும் மிஸ்ஸு" என்றாள்.

சொன்னபடியே ஒரு வாளியில் கொண்டுவந்தாள். பிளாஸ்டிக் தட்டை இரண்டு புத்தகத்தின்மேல் சாய்த்து வைத்து ஊற்றினோம். கூழின் குறுக்கே குங்குமத்தால் நேராக ஒரு கோடு போட்டாள். பத்து நிமிஷம் எல்லோரும் தட்டைச் சுற்றி நின்று பார்த்தோம். ஓரம் தட்டில் உரசிப் பின்தங்க, நடு மட்டும் முன்னே போனது. கோடு வில்லாக வளைந்தது. நிஜப் பனியாறும் அப்படித்தான் நகர்கிறது. அத்தனை வருஷம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் நானே கண்ணால் பார்த்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். அதிகாரி வருகிறாரே, பிளாஸ்டிக் தட்டையா காட்டுவது என்று எனக்குத் தோன்றிவிட்டது. பீங்கான் பொம்மைக்குப் பேர்போன இந்த ஊரில் எதைச் செய்தாலும் பிளாஸ்டரில் வார்த்தால்தான் மதிப்பு. "அம்மாகிட்ட சொல்லி வெள்ளையா ஒரு பள்ளத்தாக்கு செஞ்சு எடுத்துட்டு வா" என்றேன்.

மறுநாள் அவள் என் மேஜைக்கு வந்தாள். "மிஸ்ஸு, பிளாஸ்டரு தண்ணிய உறிஞ்சிடுமாம். கூழு அங்கியே ஒட்டிக்குமாம். பொம்மை அச்ச பிளாஸ்டர்ல செய்றதே அதுக்குத்தானாம். தட்டே போதும்னு அம்மா சொல்லிச்சு. செஞ்சே ஆகணும்னா மேல பெயிண்ட்டு அடிச்சுட்டு ஊத்தச் சொல்லிச்சு."

அன்றைக்கு பஸ் வழியில் நின்று தாமதமாக வந்திருந்தேன். லீவு போட்டிருந்த டீச்சரின் இரண்டு வகுப்பும் என் தலையில். "சொன்னத செய்யேன்டி. பெயிண்ட் நான் வாங்கியாறேன்" என்று சிடுசிடுத்தேன். பள்ளத்தாக்கு வந்து சேர்ந்தது, அத்தனை அழகாக. பெயிண்ட்டை நான் மறந்தே போனேன். அதிகாரி வருகிற காலையில் அவள் ஞாபகப்படுத்தினாள். "அதெல்லாம் ஓடும், ஊத்து" என்றேன்.

ஓடவில்லை. கூழின் பளபளப்பு கொஞ்ச நேரத்தில் மங்கியது. குங்குமக் கோடு போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்னங்க மேடம், ஒண்ணும் நகரலயே?"

"இந்தப் பொண்ணோட அம்மா செஞ்சு குடுத்தாங்க சார். சரியா செய்யல போல" என்று சொன்னேன். என் வாய்தான் சொன்னது.

அந்த அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகள் செய்வதைப் பார்க்க அரை நாள் லீவு போட்டு, நல்ல புடவை கட்டி வந்திருந்தார். என்னை ஒரு முறை பார்த்தார். "நான் வரேங்க டீச்சர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். கடலூருக்கு வேறு பள்ளியை எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் கை தூக்கவே இல்லை. கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். பரீட்சைக்காக அதே பாடத்தைத் திரும்ப நடத்திய நாளில், அசதியில், பனியாற்றின் ஓரம் வேகமாகவும் நடு மெதுவாகவும் நகரும் என்று போர்டில் எழுதிவிட்டேன். எழுதி முடித்ததும் தப்பு தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அவளும் போர்டைப் பார்த்தாள். ஒரு நொடி பேனா நின்றது. பிறகு குனிந்து, நான் எழுதியதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. போர்டை அழித்தேன். "அன்னைக்கு தப்பு என்னோடதுதான். பிளாஸ்டர் வேணாம்னு இவங்க அம்மா முன்னாடியே சொல்லியனுப்பினாங்க. நான்தான் கேக்கல. பெயிண்ட் வாங்கினு வரேன்னு சொல்லி மறந்ததும் நான்தான்" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். சொன்னதும் மனசு லேசானது. அவள் முகமும் தெளியும் என்று எதிர்பார்த்தேன்.

அவள் எழுந்து நின்றாள். கோபமெல்லாம் இல்லை, எப்போதும் பேசுகிற குரல்தான்.

"இத எங்கம்மா நின்னப்ப சொல்லியிருக்கலாமே மிஸ்ஸு."

அவளே உட்கார்ந்துகொண்டாள்.