மயிலாப்பூர் மாடியில் ஒரு கொடுவா

மயிலாப்பூரில் நான் குடியிருந்த மாடிக்கு ஒரே நிபந்தனை: மீன், கறி, முட்டை எதுவும் சமைக்கக் கூடாது. எனக்கு அதில் சங்கடமில்லை. மீன் சாப்பிட எனக்கு ஆசை கிடையாது. அதன் செல்களை வளர்ப்பதுதான் என் பிழைப்பு.

ஆய்வகம் அடையாறில். கொடுவா மீனின் வால் நுனியில் துளி வெட்டிச் சுத்தம் செய்து, குடுவையின் அடியில் ஒட்டவைத்து, ஊட்டத் திரவம் ஊற்றுவோம். ஒழுங்காக நடந்தால் செல்கள் அந்தத் துண்டிலிருந்து ஊர்ந்து வந்து பெருகும். பெருகப் பெருகப் பிரித்து வேறு குடுவைக்கு மாற்றிக்கொண்டே போனால், ஒருநாள் அது தானே தழைக்கும் வம்சமாகிவிடும். மீன்களைக் கொல்லும் வைரஸை அதில் பரிசோதிக்கலாம், மீனைப் பலி கொடுக்க வேண்டாம். சொல்வது சுலபம். பூஞ்சை பிடித்தும், காரணமே தெரியாமலும் என் செல்கள் செத்துக்கொண்டே இருந்தன. கடைசியில் ஒரே ஒரு குடுவை தேறியது. அதை உறையவைத்துச் சேமிப்பதற்குள் பெருமழை பெய்து ஆய்வகத்துக்குள் தண்ணீர் புகுந்தது, மின்சாரமும் போனது.

மனித செல் வளர்ப்பவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அவற்றுக்கு உடம்புச் சூடு வேண்டும். கொடுவாவுக்குச் சென்னையின் சூடே போதும். குடுவையை இறுக மூடி, ஊட்டத் திரவம் ஒரு பாட்டிலும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாசலில் வீட்டுக்கார மாமி, பையில் என்ன என்று கேட்டார். ஒளிப்பது என் பழக்கமில்லை, சொன்னேன்.

"மீனா? எங்காத்துலயா?"

"செல்லுதான் மாமி. மீன் தொட்டியில நல்லா நீந்திட்டிருக்கு."

"இது உசிரோட இருக்கா?"

"இருக்கு."

"அப்போ இருந்துட்டுப் போகட்டும். சமைக்கப்படாதுன்னுதானே சொன்னேன்." குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுக்கு என்ன ஆகாரம்?"

வேறு யாராவது என்றால் சர்க்கரைத் தண்ணீர் என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். "உப்பு, சர்க்கரை, வைட்டமின். கன்னுக்குட்டி ரத்தத்துலேர்ந்து எடுக்குற சீரமும் சேர்க்கணும்" என்றேன்.

மாமியின் முகம் சுருங்கியது. "உள்ள இருக்கறது இருக்கட்டும். புதுசா ஒரு சொட்டு இந்தாத்துல ஊத்தப்படாது."

அவர் வீடு, அவர் சொல். பாட்டிலை நான் திறக்கவே இல்லை. மீன் செல் பசி தாங்கும் என்று எல்லோரிடமும் அடித்துப் பேசுகிறவள் நான். ஆனால் ஊட்டம் தீர்ந்து கழிவு சேரச் சேர, திரவத்தின் சிவப்பு மங்கி மஞ்சளாகிக்கொண்டு வந்ததை ராத்திரியிலும் எழுந்து எழுந்து பார்த்தேன். தினமும் காலையில் மாமி மாடியேறி வந்து, "எப்படி இருக்கு?" என்பார். மைக்ராஸ்கோப் இல்லாமல் எனக்கு என்ன தெரியும்?

தண்ணீர் வடிந்து மின்சாரம் வந்ததும் ஆய்வகத்துக்கு ஓடினேன். பாதி செல்கள் செத்து மிதந்தன. மீதி மெலிந்துபோய், ஆனாலும் குடுவையின் அடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே போன் செய்தேன்.

"மாமி, பொழைச்சிடுச்சு!"

"ஆகாரம் போட்டியா?"

"இன்னும் இல்ல, இப்பதான் பார்த்தேன்..."

"இத்தனை நாள் பட்டினி கெடந்திருக்கு. போனை வெச்சுட்டு முதல்ல அதுக்குப் போடுடி."