ஷிப்ட் மாறும் வகுப்பு

எங்கள் ஜார்ஜ்டவுன் ஃபிளாட்டில் யமுனாவைத் தெரியாதவர் இல்லை. வயது முப்பத்துநான்கு. கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர், ஒரு உற்பத்தி வரிசையை மேய்ப்பவள். சனிக்கிழமைகளில் காலை ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் கடல் பாலம் தாண்டி எங்கள் தீவுக்கு வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கீழ்த்தள மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவாள். அவளை விரட்டப் பார்த்தவள் நான், அலமேலு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

என் மகள் ஹேமாவுக்கு ஒன்பது வயது. தமிழில் சரியான வாயாடி. ஆங்கிலம் என்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. 'இஸ்' வரவேண்டிய இடத்தில் 'வாஸ்' எழுதி, நோட்டெல்லாம் சிவப்பு மையோடு வருவாள். அதனால்தான் யமுனாவிடம் அனுப்பினேன். மூன்றாவது வாரம் எட்டிப் பார்த்தால், பிள்ளைகள் மேசை ஓரம் வரிசையாக நின்று அட்டைப்பெட்டி மடிக்கிறார்கள்! ஒருத்தி மடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி வந்து பெட்டியைப் பிடிக்கிறாள். விட்டவள் "ஐ வாஸ் ஃபோல்டிங்" என்கிறாள். பிடித்தவள் "ஐ அம் ஃபோல்டிங்" என்கிறாள்.

"என்னம்மா இது கூத்து?" என்றேன்.

"ஷிப்ட் மாத்துறோம்க்கா" என்றாள் யமுனா. "எங்க லைன்ல மெஷினை நிறுத்த மாட்டோம். போறவங்க என்ன செஞ்சிக்கிட்டு இருந்தாங்க, வந்தவங்க என்ன செய்றாங்க, ரெண்டையும் சொல்லித்தான் கை மாத்துவோம். கையில வேலை இருந்தா வாய் தானா வரும்லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கெலுகோரில் ஆபீஸ் உத்தியோகம் பார்ப்பவள். பெட்டி மடிக்கவா பிள்ளை பெற்றேன்? நேரே ஃபிளாட் கமிட்டித் தலைவர் ஜெயராஜ் அண்ணனிடம் புகார் சொன்னேன். என் பெயர் வெளியே வரக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். 'சனிக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் அன்றோடு வகுப்பு நிறுத்தம்' என்று அவர் அறிவித்துவிட்டார்.

அன்று பெற்றோர் வந்தாயிற்று, ஜெயராஜ் அண்ணன் வந்தாயிற்று, யமுனாவைக் காணோம். பாலத்தில் டிராஃபிக் ஜாமாம், பஸ் நகரவில்லையாம். தொலைந்தாள் என்று உள்ளுக்குள் சிரித்தேன், பாவி நான்!

பிள்ளைகளோ காத்திருக்கவில்லை. என் ஹேமாதான் முதலில் எழுந்து பெட்டிகளை எடுத்து வைத்தாள். மடித்ததை அடுத்தவளிடம் நீட்டி, தடுமாறாமல் "ஐ வாஸ் ஃபோல்டிங்" என்றாள். வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரும் கை மாற்ற ஆரம்பித்தார்கள். மடிப்பது, வரைவது, பெருக்குவது என்று வேலை மாற மாற ஆங்கிலமும் மாறியது. கூடப் படிக்கும் ஹனா துடைப்பத்தை ஜெயராஜ் அண்ணன் கையில் திணித்து, "ஐ வாஸ் ஸ்வீப்பிங்" என்றாள். அவர் திருதிருவென்று முழித்தார்.

"சொன்னாத்தான் விடுவோம், அங்கிள்" என்றாள் ஹேமா.

"ஐ... ஐ அம் ஸ்வீப்பிங்" என்று அவர் நிஜமாகவே பெருக்கினார். மண்டபமே சிரித்தது.

அப்போதுதான் யமுனா ஓடி வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை, முகத்தில் பயம். "சாரிண்ணே, பஸ்ஸு..." மேலே பேச மூச்சு வரவில்லை.

"இரும்மா" என்றார் ஜெயராஜ் அண்ணன். "புகார் குடுத்தவங்க இப்ப சொல்லட்டும். வகுப்பு வேணுமா, வேணாமா?"

யமுனா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன்.

"நான்தாண்ணே குடுத்தேன். புத்தி கெட்டுப் போய்க் குடுத்தேன். என் மக இப்படி இங்கிலீஷ் பேசி நான் கேட்டதே இல்ல. வகுப்பு நடக்கணும்."

யமுனா என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிக்கா, பாதி நேரம் போச்சு. பெரியவங்கல்லாம் வெளிய போங்க" என்றாள்.

போனோம். வாசலில் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மா, "டீச்சர் எந்த ஸ்கூல்ல வேலை பாக்குறாங்க?" என்று கேட்டாள்.

"ஸ்கூலா? புக்கிட் தெங்கா ஃபேக்டரியில லைன் லீடர்" என்றேன், என் சொந்தத் தங்கச்சியைச் சொல்வதுபோல.